நீளமான டச்சு வார்த்தைய எங்க வெட்டணும், எங்க அழுத்தணும்: புதுசா வந்தவங்களுக்கு

நெதர்லாந்து வந்து வீட்டு அட்ரஸ பதிவு பண்ண கையோட தபால் பொட்டியில கவர் வந்து விழ ஆரம்பிச்சிடும். நகராட்சி, வரி ஆபீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி, வீட்டு ஓனர்னு எல்லாரும் லெட்டர் போடுவாங்க, ஒவ்வொரு லெட்டர்லயும் மூச்சு முட்டுற நீளத்துல நாலஞ்சு வார்த்தையாவது இருக்கும். அர்த்தத்த போன்ல டிரான்ஸ்லேட் பண்ணி பாத்துக்கலாம், அது பிரச்சனையே இல்ல. அந்த வார்த்தைய நாம வாயத் தொறந்து சொல்ல வேண்டி வரும்போதுதான் சிக்கல், கவுன்டர்ல நின்னு சொல்லுவோம், எல்லா எழுத்தையும் ஒழுங்கா தான் சொல்லிருப்போம், ஆனாலும் எதிர்ல இருக்குறவங்க "வாட் ஸெஹ்ட் யூ?"ன்னு கேப்பாங்க, என்ன சொன்னீங்கன்னு அர்த்தம்.

ஏன் புரியலன்னா, நாம தமிழ் பேசுற கணக்குல எல்லா அசைக்கும் ஒரே எடை குடுத்து சொல்லிருப்போம். தமிழ்ல ஒரு அசைய தூக்கி சொன்னாலும் தாழ்த்தி சொன்னாலும் வார்த்தை மாறாது, குறில் நெடில் சரியா இருந்தா போதும். டச்சுக்காரங்க காது அப்படி வேலை செய்யாது, அழுத்தம் எங்க விழுதுன்னு பாத்துதான் அவங்க வார்த்தைய பிடிக்கிறாங்க. அழுத்தத்துக்கு அவங்க க்ளெம்டோன்னு சொல்லுவாங்க, அசைக்கு லெட்டர்ஹ்ரேப். டச்சு கிளாஸ் போனீங்கன்னா இந்த ரெண்டு வார்த்தையும் அடிக்கடி காதுல விழும், அதனால இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

மொத்த விஷயத்தையும் நாலு வார்த்தையில சொல்லணும்னா: பின்னாடி இருந்து வெட்டு, முன்னாடி அழுத்து. ஆனா அந்த "முன்னாடி"ல ஒரு உள்குத்து இருக்கு, அத சரியா புரிஞ்சிக்காம நிறைய பேர் தப்பா பழகிடுறாங்க, அதுக்கு கீழ வரேன்.

மொதல்ல எழுதுற முறை. டச்சு வார்த்தைங்கள தமிழ் எழுத்துலயே போட்ருக்கேன். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல + குறி, அசைக்கு நடுவுல சின்ன கோடு, அழுத்தம் விழுற அசைக்கு முன்னாடி ' குறி. அவங்க ஜி எழுத்துல வர்ற தொண்டை கரகரப்புக்கு நம்மகிட்ட எழுத்து இல்ல, அதனால ஹ போட்டு சமாளிச்சிருக்கேன், ஃப வர்ற எடத்துல பெரும்பாலும் ஸ்பெல்லிங்ல வி இருக்கும். உச்சரிப்ப நுணுக்கமா கத்துக்க இது போதாது, வெட்டும் அழுத்தமும் பழக போதும்.

ஸ்டெப் 1: கடைசி துண்ட பிடிங்க

டச்சுல வார்த்தைங்கள ஸ்பேஸ் விடாம ஒட்டிட்டே போவாங்க, ஆனா அந்த ரயில்ல கடைசி பொட்டிதான் தலைவர். ஸீக்கென்ஹௌஸ்னா ஸீக்கென் + ஹௌஸ், கடைசியில ஹௌஸ் இருக்கு, அப்போ அது ஒரு வீடு, கட்டடம். முன்னாடி இருக்குறது நோயாளிங்க, ஆக ஆஸ்பத்திரி. வார்த்தைக்கு முன்னாடி, இங்கிலீஷ் the எடத்துல, டெ போடணுமா ஹெட் போடணுமாங்குற தலைவலியும் இதுலயே தீந்துடும், ஹௌஸுக்கு ஹெட் வரும்னா ஸீக்கென்ஹௌஸுக்கும் ஹெட் தான், முன்னாடி எத்தன துண்டு வந்து ஒட்டினாலும் மாறாது. பன்மை விகுதியும் கடைசி துண்டுலதான் சேரும்.

இப்போ லெட்டர்ல அடிக்கடி வர்ற ஒரு பூதத்த எடுத்துக்குவோம். ஆன்ஸ்ப்ராகெலெக்ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேகெரிங். அவங்க ஸ்பெல்லிங்ல 29 எழுத்து, ஒம்போது அசை. நம்மளால அடுத்தவங்களுக்கு நஷ்டம் ஆச்சுன்னா அதுக்கு காசு குடுக்குற இன்சூரன்ஸ் இது, உங்க பையன் பந்தடிச்சு பக்கத்து வீட்டு ஜன்னல் ஒடஞ்சா இதுதான் கைகொடுக்கும், இங்க பெரும்பாலான குடும்பங்கள் எடுத்து வச்சிருப்பாங்க. இத இடது பக்கத்துல இருந்து எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிச்சா நாலாவது அசையில மூச்சு நின்னுடும். கண்ண நேரா கடைசிக்கு கொண்டு போங்க. ஃபெர்ஸேகெரிங், இன்சூரன்ஸ். இந்த துண்டு உங்களுக்கு ஏற்கனவே தெரியும், ஸோர்ஹ்ஃபெர்ஸேகெரிங்னு மருத்துவ இன்சூரன்ஸ் பேப்பர்ல பாத்திருப்பீங்க. சரி, வெட்டியாச்சு. அதுக்கு முன்னாடி ஹெய்ட்ஸ்னு நிக்குது. ஹெய்ட்-ங்குறது நம்ம "தன்மை" மாதிரி ஒரு விகுதி, அது பின்னாடி நிக்குற ஸ் வெறும் பசை. அதையும் கழிச்சா மிச்சம் ஆன்ஸ்ப்ராகெலெக், பொறுப்பாளி ஆகக்கூடிய. அவ்ளோதான், பூதம் மூணு துண்டா கெடக்கு. அழுத்தம் எங்கங்குறத ஸ்டெப் 4-ல இதே வார்த்தைய வச்சே பாப்போம்.

ஸ்டெப் 2: பசைய கண்டுபிடிங்க

ரெண்டு துண்ட ஒட்டும்போது நடுவுல சில நேரம் ஒரு பசை எழுத்து வரும். அதிகமா வர்றது எஸ். ஸ்டேஷன் எதிர்ல இருக்குற சதுக்கம் ஸ்டாஷொன் + ஸ் + ப்ளெய்ன். அடுத்து என் (n) எழுத்து சத்தம், புத்தக அலமாரி பூக் + எ(ன்) + கஸ்ட். கொஞ்சம் அபூர்வமா எர், குழந்தை வண்டி கின்ட் + எர் + வாஹென். பசையே இல்லாமலும் வரும், ஸ்லாப் + காமெர், தூங்குற ரூம்.

இங்க ஒரு நல்ல குறுக்கு வழி இருக்கு. நீள வார்த்தை நடுவுல ஹெய்ட்ஸ், டெய்ட்ஸ், இங்ஸ் இந்த மூணுல எது கண்ணுல பட்டாலும் யோசிக்காம அதுக்கு அப்புறம் வெட்டுங்க. நூத்துக்கு தொண்ணூறு தடவ சரியா இருக்கும். இன்பர்ஹெரிங்ஸ் + எக்ஸாமென், குடியேறினவங்க எழுதுற பரீட்சை. ஊனிஃபெர்ஸிடெய்ட்ஸ் + பிப்லியோடேக், யூனிவர்சிட்டி லைப்ரரி. ஆனா இங்-ல முடியுற எல்லாத்துக்கும் எஸ் வரும்னு நெனச்சிடாதீங்க, வரி ஆபீஸ் பேரே பெலாஸ்டிங் + டீன்ஸ்ட், எஸ் கெடையாது, அதே சமயம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபெர்ஸேகெரிங்ஸ் + மாட்ஸ்ஹப்பெய்னு எஸ் வரும். ஏன்னு கேட்டா டச்சுக்காரங்களே தோள குலுக்குவாங்க.

இந்த என் (n) எழுத்து விஷயத்துல ஒரு கூத்து. பான்கேக்குக்கான டச்சு வார்த்தைய முன்னாடி நடுவுல இந்த என் இல்லாமதான் எழுதிட்டிருந்தாங்க, 1995 ஸ்பெல்லிங் மாத்தத்துல நடுவுல ஒரு என் சேக்கணும்னு முடிவாகி 1996 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு. ஆனா சூரியன், நிலா, ராணி மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்குறதுக்கு என் வராதாம், அதனால சூரிய வெளிச்சம் ஸொன்னெஸ்ஹெய்ன்னு என் இல்லாம இருக்கு. இவ்ளோ சண்ட போட்டு சேத்த அந்த என் எழுத்த பேச்சுல முக்காவாசி பேர் சொல்றதே இல்ல. 'பன்-னெ-கூக், அவ்ளோதான். எழுதும்போது போடுங்க, பேசும்போது விழுங்கிடுங்க.

ஸ்டெப் 3: துண்டுக்குள்ள அசை பிரிங்க

மொதல்ல துண்டு, அப்புறம்தான் அசை. இந்த வரிசைய மாத்திட்டா எல்லாம் கந்தல். துண்டுக்குள்ள கணக்கு சிம்பிள்: ரெண்டு உயிர் எழுத்துக்கு நடுவுல ஒரு மெய் இருந்தா அது அடுத்த அசைக்கு போகும், ரெண்டு மெய் இருந்தா ஆளுக்கு ஒண்ணா பிரிஞ்சுக்கும். கா-மெர், கன்-டோர். சி-யும் எச்-சும் ஜோடியா வந்தா பிரிக்க கூடாது, ஐ-யும் ஜே-யும் ஜோடியா வந்தாலும் அப்படித்தான்.

குறில் நெடில் பழக்கம் இருக்குற நமக்கு ஒரு பெரிய லாபம் இங்கதான். டச்சு ஸ்பெல்லிங்ல ஒத்த ஏ (a), ரெட்ட ஏ (aa) போடுறதெல்லாம் குறில் நெடில் விளையாட்டு தான். மன்-னா ஆள், மான்-னா நிலா, முதல்ல சொன்னதுக்கு ஒரு ஏ, ரெண்டாவதுக்கு ரெண்டு ஏ. பன்மை போடும்போது பாருங்க, நிலாக்கள் மா-னென், அசை உயிர்ல முடியுது, அப்படி முடிஞ்சா அது நெடில் தான்னு அவங்களுக்கு தெரியும், அதனால ஒரு ஏ போதும். ஆளுங்க மன்-னென், குறில காப்பாத்தணும்னு என் (n) எழுத்த ரெட்டிச்சு அசைய மெய்ல முடிக்கிறாங்க. ஸ்லாப்காமெர் எடுத்துக்கோங்க, ஸ்லாப்-க்கு ரெண்டு ஏ, கா-க்கு ஒரு ஏ, ஆனா சத்தம் ரெண்டுலயும் ஆ தான். ஸ்லாப் மெய்ல முடியுது, கா உயிர்ல முடியுது, அவ்ளோதான் வித்தியாசம். இது ஒரு தடவ மண்டையில ஏறிடுச்சுன்னா டச்சு ஸ்பெல்லிங்ல பாதி பயம் போயிடும்.

அப்போ தப்பா வெட்டினா என்ன ஆகும்? அர்த்தமே மாறும், சத்தமும் மாறும். இதுக்குன்னே டச்சுக்காரங்க ஒருத்தர ஒருத்தர் கலாய்க்கிற சில வார்த்தைங்க இருக்கு. பொம்மெல்டிங், பொம் + மெல்டிங்னு வெட்டணும், குண்டு இருக்குன்னு வர்ற தகவல், ஆனா முதல் தடவ பாக்குறவங்க பொம்மெல் + டிங்னு படிச்சிட்டு பொம்மெல்னா என்னன்னு தேடுவாங்க. ஃபல்கௌல் ஒரு பொறிக் குழி, ஃபல் + கௌல். ஒரு எழுத்து தள்ளி வெட்டுங்க, ஃபல்க் + ஔல், வல்லூறும் ஆந்தையும் வந்துடும். கடையில பாக்கெட்ல விக்கிற குட்டி தக்காளி கெர்ஸ் + டோமாட்யெஸ், தப்பா வெட்டினா கெர்ஸ்ட் + ஓமாட்யெஸ், கிறிஸ்துமஸ் பாட்டிங்க. மஸாஷெ + பெட்-னா மசாஜ் பெட், அதே ஸ்பெல்லிங்க மஸா + ஹெபெட்னு வெட்டுனா கூட்டு ஜெபம் ஆயிடும். அதனால சந்தேகம் வர்ற எடத்துல எழுதுறவங்க நடுவுல ஒரு சின்ன கோடு போட்டுக்கலாம்னு அதிகாரபூர்வ ஸ்பெல்லிங் விதியே அனுமதிக்குது.

இதுக்கு நேர் எதிர் தப்பு, ஒட்ட வேண்டியத பிரிச்சு எழுதுறது. இங்கிலீஷ் பழக்கத்துல வர்ற நமக்கு கை தானா ஸ்பேஸ் தட்டும். டச்சுக்காரங்களுக்கும் இந்த பழக்கம் தொத்திக்கிச்சு, அதுக்கு "எங்கெல்ஸெ ஸீக்டெ"ன்னு, இங்கிலீஷ் வியாதின்னு பேரே வச்சிருக்காங்க. லாங்கெஆஃப்ஸ்டன்ட்ஸ்லோபெர், இப்படி சேத்து எழுதினா நெடுந்தூர ஓட்டக்காரர். லாங்கெ-க்கு அப்புறம் ஸ்பேஸ் விட்டா நெட்டையான ஓட்டக்காரர். மெயில் எழுதும்போது சந்தேகமா இருந்தா ஒட்டிடுங்க, அதுதான் பெரும்பாலும் சரியா இருக்கும்.

அடுத்தது நம்ம ஊர் நாக்குக்கே உரிய ஒரு பழக்கம், இத கொஞ்சம் நிதானமா பாருங்க. மெய் எழுத்து கூட்டமா வந்தா நாம நடுவுல ஒரு உ-வோ இ-யோ சொருகிடுவோம், கடைசியில மெய் வந்தாலும் ஒரு உ வச்சு முடிப்போம். ஸ்கூல் இஸ்கூலு ஆகுற மாதிரி. டச்சுல இத செஞ்சா அசை எண்ணிக்கையே மாறிடும். அங்ஸ்ட்ஸ்ஹ்ரேவ், பயத்துல கத்துற கத்தல். ஸ்பெல்லிங்ல 13 எழுத்து, அதுல எட்டு மெய் வரிசையா நிக்குது, ஆனா அசை ரெண்டே ரெண்டு தான்: 'அங்ஸ்ட் + ஸ்ஹ்ரேவ். நாம இத அங்கு-சுட்டு-சுஹு-ரேவுன்னு சொன்னா ஏழெட்டு அசை ஆயிடும், கேக்குறவங்களுக்கு அது வேற ஏதோ மொழி. இதுக்கு மருந்து, துண்டு முடியுற எடத்துல, அதாவது அங்ஸ்ட்-க்கு அப்புறம், துளி நிறுத்தி அடுத்த துண்ட தொடங்குறது தான். நிறுத்தம் தப்பில்ல, சொருகுற உயிர்தான் தப்பு. ஆனா பாருங்க, அவங்களே ஒரு எடத்துல சொருகுவாங்க, பாலுக்கு மெல்க்-னு எழுதிட்டு நிறைய பேர் மெல்லெக்-னு தான் சொல்றாங்க. ல், ர் பின்னாடி க், ம், ப் மாதிரி மெய் வந்தா மட்டும் இந்த சலுகை. நமக்கு கெடச்ச ஒரே ஆறுதல்.

ஸ்டெப் 4: முதல் துண்டோட அழுத்தத்த தேடுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், அந்த உள்குத்தும் இங்கதான் இருக்கு. ஒட்டு வார்த்தையில முக்கிய அழுத்தம் முதல்ல வரும்னு எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க. அத கேட்டுட்டு நாம கண்ண மூடிட்டு முதல் அசைய போட்டு அமுக்குவோம். அது இல்ல விஷயம். முதல் துண்டு தனியா நிக்கும்போது அதுக்கு எங்க அழுத்தம் இருந்துச்சோ அங்கதான் மொத்த வார்த்தைக்கும் முக்கிய அழுத்தம். முதல் துண்டு ஒரே அசையா இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடும், 'ஸோர்ஹ் + ஃபெர்ஸேகெரிங், 'ஹௌஸ் + ஆர்ட்ஸ், 'டன்ட் + ஆர்ட்ஸ், அதனாலதான் அந்த அரைகுறை விதி பல நாள் வேலை செய்யுற மாதிரி தெரியுது.

நகராட்சி ஆபீஸ் எடுங்க. முதல் துண்டு ஹெ-'மேன்-டெ, நடு அசையில அழுத்தம். அப்போ ஆபீஸ் ஹெ-'மேன்-டெ + ஹௌஸ். இத 'ஹெமென்டெஹௌஸ்னு முதல் அசைய அமுக்கி சொன்னா சத்தியமா புரியாது. போலீஸ் ஸ்டேஷன் போ-'லீ-ட்ஸி + பூரோ. விசா பேப்பர்ல ஃபெர்-'ப்லெய்ஃப்ஸ் + ஃபெர்ஹன்னிங். வரி ஆபீஸ் பெ-'லாஸ்-டிங் + டீன்ஸ்ட். மே மாசம் சம்பளத்தோட வர்ற லீவ் பணம் ஃபா-'கன்-ஸி + ஹெல்ட், இத மட்டும் யாரும் தப்பா சொல்றதில்ல, காசு விஷயம்.

அப்போ முதல் துண்டுக்கு அழுத்தம் எங்கன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? மொதல்ல எங்க விழாதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. பெ, ஹெ, ஃபெர், ஒன்ட், எர் இந்த அஞ்சும் முன்னொட்டா வந்தா அழுத்தம் அதுங்க மேல விழாது, அடுத்த அசைக்கு தாவிடும். வார்த்தை கடைசியில வர்ற எ, எல், எர், என் எல்லாம் முணுமுணுப்பு தான். எதிர் பக்கத்துல, சில வால்கள் அழுத்தத்த தன் பக்கம் இழுத்துக்கும். டெய்ட்-ல முடிஞ்சா ஊனிஃபெர்ஸி'டெய்ட், டேக்-ல முடிஞ்சா அபோ'டேக், எரெய்-ல முடிஞ்சா பூர்டெ'ரெய், பண்ணை வீடு. அதனால யூனிவர்சிட்டி லைப்ரரி ஊனிஃபெர்ஸி'டெய்ட்ஸ் + பிப்லியோடேக், அஞ்சாவது அசையில போய் அழுத்தம் உக்காருது.

இப்போ நம்ம பூதத்துக்கு வருவோம். ஆன்ஸ்ப்ராகெலெக். மூல வினை 'ஆன்ஸ்ப்ரேகென், அதுல ஆன் மேல அழுத்தம். ஆனா லெக்-னு வால் ஒட்டி உரிச்சொல் ஆகும்போது அழுத்தம் பின்னாடி நகர்ந்துடும்: ஆன்-'ஸ்ப்ரா-கெ-லெக். இது தனி கேஸ் இல்ல, நிறைய வார்த்தையில நடக்குது. நுழைவாயில் 'டூஹங், நுழையக்கூடிய டூ'ஹங்கெலெக். அறிவியல் 'வேடென்ஸ்ஹப், அறிவியல்பூர்வமான வேடென்'ஸ்ஹப்பெலெக். ஆக முழு வார்த்தை ஆன்-'ஸ்ப்ரா-கெ-லெக்-ஹெய்ட்ஸ் + ஃபெர்-ஸே-கெ-ரிங். பெரிய அடி ஸ்ப்ரா மேல, அப்புறம் நாலு அசை சும்மா ஓடி, ஸே மேல ஒரு சின்ன அடி. பின்னாடி துண்டோட சொந்த அழுத்தம் செத்துப் போறதில்ல, குரல் கொஞ்சம் இறங்கிடும், அவ்ளோதான்.

ஃபெர்ஸேகெரிங்ல இன்னொண்ணு கவனிங்க. ஃபெர், ஸே, கெ மூணுலயும் ஸ்பெல்லிங்ல ஒரே ஒத்த ஈ (e) எழுத்து தான் இருக்கு. நடுவுல இருக்குறது மட்டும் நெடிலா ஸே ஆச்சு, மத்த ரெண்டும் முணுமுணுப்பு ஆயிடுச்சு, ஏன்னா அழுத்தம் நடுவுல இருக்கு. அழுத்தம் தெரியலன்னா அந்த ஈ-ய எப்படி படிக்கணும்னே தெரியாது. அதனால அழுத்தம் அழகுக்கு அப்புறமா சேக்குற விஷயம் இல்ல, படிக்கவே அது வேணும்.

ஸ்டெப் 5: விதிய மீறுற ஆளுங்க

இவங்கள தனித்தனியா தான் பழகணும். நகர மண்டபம் ஸ்டட்'ஹௌஸ், ரெண்டாவது துண்டுல அழுத்தம். மேயர் பர்ஹெ'மேஸ்டெர். குளிர் காலத்துல உருளைக்கிழங்கோட மசிச்சு திங்கிற கீரை பூரென்'கோல், ஆனா காலிஃபிளவர் 'ப்லூம்கோல், ரெண்டும் ஒரே கோல் குடும்பம்தான், ஆனா அழுத்தம் மட்டும் வேற வேற. புது வருஷத்துக்கு முந்தின ராத்திரி ஔடெயார்ஸ்'ஆஃபொன்ட். டிசம்பர்ல வர்ற தாத்தா ஸின்டெர்'க்ளாஸ்.

ஊர் பேருங்க தனி உலகம். டாம்-ல முடிஞ்சா அழுத்தம் டாம் மேல: ஆம்ஸ்டெர்'டாம், ரொட்டெர்'டாம், ஸான்'டாம். நாம இங்கிலீஷ்ல 'ஆம்ஸ்டர்டாம்னு முன்னாடி தூக்கி பழகிருப்போம், அத விடணும். நம்ம இந்திய ஐடி ஆளுங்க நிறைய பேர் இருக்குற ஊர் ஆம்ஸ்டெல்'ஃபேன், இதுவும் கடைசியில. ஆனா 'எய்ன்ட்ஹோஃபென், 'ஃபெல்ட்ஹோஃபென், 'ஹோஃப்டொர்ப் எல்லாம் முன்னாடி. அட்ரஸ் சொல்லும்போது தெரு பேர்லயும் இது இருக்கு. ஸ்ட்ராட்-ல முடியுற தெருவுக்கு முன் துண்டுல அழுத்தம், 'கல்ஃபெர்ஸ்ட்ராட். ஆம்ஸ்டர்டாம் கால்வாய் தெருங்க ஹ்ரஹ்ட்-ல முடியும், அழுத்தம் அந்த ஹ்ரஹ்ட் மேலதான், ஹேரென்'ஹ்ரஹ்ட், ப்ரின்ஸென்'ஹ்ரஹ்ட். லெய்ட்ஸெ-ங்குற ஒரே பேருக்கு ரெண்டு விதமும் இருக்கு: தெருன்னா 'லெய்ட்ஸெஸ்ட்ராட், சதுக்கம்னா லெய்ட்ஸெ'ப்ளெய்ன். ட்ராம்ல அறிவிப்பு வரும்போது காது குடுத்து கேளுங்க, இலவச பாடம்.

மூணு துண்டு ஒட்டும்போது, கடைசி ரெண்டும் ஏற்கனவே சேந்து ஒரு வார்த்தையா இருந்தா சில நேரம் அழுத்தம் நடு துண்டுக்கு போயிடும். ஸ்ஹௌபர்ஹ்-னா நாடக அரங்கம், நகர நாடக அரங்கம் ஸ்டட்ஸ் + 'ஸ்ஹௌபர்ஹ். குழந்தைங்கள விட்டுட்டு வேலைக்கு போற டே கேர் கின்டெர் + 'டஹ்ஃபெர்ப்லெய்ஃப்னு நிறைய பேர் சொல்றத கேக்கலாம். இது எல்லாத்துக்கும் பொருந்தாது, அதனால விதியா எடுத்துக்காம கேட்டு பழகுறதே நல்லது.

ஸ்டெப் 6: முன்னொட்டு வினைங்க

இதுல அழுத்தம் மாறினா அர்த்தமே கவுந்துடும். 'ஃபோர்கோமென்னா நேர்றது, நடக்குறது. ஃபோர்'கோமென்னா நடக்காம தடுக்குறது. ஸ்பெல்லிங் ஒண்ணே தான், டாக்டர் கிட்ட வியாதி பத்தி பேசும்போது எத சொன்னோம்னு யோசிச்சு பாருங்க. 'ஓஃபெர்ட்ரெய்ஃபென் மேகம் மிதந்து போறது, ஓஃபெர்'ட்ரெய்ஃபென் ஓவரா பில்டப் குடுக்குறது. குழப்பம் வரும்னு தோணினா எழுதும்போது அழுத்தம் விழுற உயிர் மேல ஒரு சின்ன சாய்கோடு போடுவாங்க, பேப்பர்லயும் பாக்கலாம்.

இதுல இலக்கணமும் ஒளிஞ்சிருக்கு. முன்னொட்டு மேல அழுத்தம் இருந்தா அது வாக்கியத்துல பிச்சுகிட்டு கடைசிக்கு போகும், 'இன்ஸ்ஹ்ரெய்ஃபென் பதிவு பண்றது, "இக் ஸ்ஹ்ரெய்ஃப் மெ இன்". அழுத்தம் இல்லன்னா பிரியாது. அதனால புது வினை கத்துக்கும்போது அழுத்தத்தோட சேத்தே கத்துக்கோங்க, பிரியுமா பிரியாதான்னு தனியா மனப்பாடம் பண்ண வேண்டி இருக்காது. இதுல இருந்து பொறக்குற பெயர்ச்சொல் பெரும்பாலும் அதே அழுத்தத்த வச்சுக்கும், 'இன்ஸ்ஹ்ரெய்ஃபிங். விதிவிலக்கும் உண்டு: கல்வி 'ஒன்டெர்வெய்ஸ், ஆனா கத்துக்குடுக்குறது ஒன்டெர்'வெய்ஸென்.

பழகுறது எப்படி

இங்க முதல் வகுப்பு குழந்தைங்களுக்கு வாசிக்க சொல்லிக் குடுக்கும்போது "ஹக்கென் என் ப்ளக்கென்"னு ஒண்ணு செய்வாங்க, வெட்டு, ஒட்டு. வார்த்தைய சத்தம் சத்தமா வெட்டி மறுபடி ஒட்டுறது. அசை எண்ண கை தட்டுவாங்க. வெக்கப்படாம அதையே நாமளும் செய்யலாம், வீட்ல குழந்தை இருந்தா அதுகூட சேந்தே. துண்டு துண்டா பின்னாடி இருந்து கட்டுங்க: ஃபெர்'ஸேகெரிங், ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேகெரிங், அப்புறம் முழுசு. பின்னாடி இருந்து கட்டினா முடிவு நாக்குக்கு பழகிடும், பாதியில மூச்சு நிக்காது. அப்புறம் வார்த்தைய விட்டுட்டு தாளத்த மட்டும் முனகுங்க, ட-டம்-ட-டா, அது ஹெ'மேன்டெஹௌஸ். தாளம் சரியா வந்துட்டா ஒரு ரெண்டு எழுத்து தப்பா போனாலும் அவங்களுக்கு புரியும், தாளம் தப்பினா எல்லா எழுத்தும் சரியா இருந்தும் புரியாது.

49 எழுத்துல ஒரு வார்த்தை இருக்கு, குழந்தைங்க கார்னிவல் ஊர்வலத்துக்கான ஏற்பாட்டு வேலைகள்னு அர்த்தம், டச்சுலயே நீளமான வார்த்தைன்னு எல்லா எடத்துலயும் சுத்தும். அத மனப்பாடம் பண்றது வெட்டி வேலை, எந்த கவுன்டர்லயும் யாரும் கேக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்கு வந்த கவர்ல இருந்து வார்த்தை எடுங்க: வாடகை ஒப்பந்தம் 'ஹூர் + ஓஃபெரேன்கொம்ஸ்ட், வேலை ஒப்பந்தம் 'ஆர்பெய்ட்ஸ் + ஓஃபெரேன்கொம்ஸ்ட், ராத்திரி அவசரத்துக்கு போற டாக்டர் மையம் 'ஹௌஸ்ஆர்ட்ஸென் + பொஸ்ட், சைக்கிள் விடுற எடம் 'ஃபீட்ஸென் + ஸ்டல்லிங். இந்த மாதிரி ஒரு இருவது தெரிஞ்சா, அதே துண்டுங்க திரும்ப திரும்ப வேற ஜோடியில வரும்போது தானா அடையாளம் தெரியும்.

வெட்டுல சந்தேகம் வந்தா அரசாங்க ஸ்பெல்லிங் பட்டியல் இருக்கு, பச்ச அட்டை போட்ட புத்தகம், அதனால பேரே ஹ்ரூனெ பூக்யெ, பச்சை புத்தகம். நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேந்து 1980-ல ஆரம்பிச்ச டால்யூனி-ங்குற அமைப்பு அத பாத்துக்குது, வூர்டென்லெய்ஸ்ட்னு தேடினா ஆன்லைன்ல இலவசம், ஒவ்வொரு வார்த்தைக்கும் அசை பிரிச்சு காட்டும். அழுத்தத்துக்கு டச்சு விக்கிவூர்டென்பூக் பாருங்க, அசையும் இருக்கும், உச்சரிப்பு குறியும் இருக்கும், பல வார்த்தைக்கு ஆடியோவும் இருக்கும். ரொம்ப நீளமான வார்த்தை அதுல கெடைக்காது, யாரோ அன்னிக்கு ஒட்டி செஞ்சதா இருக்கும், அப்போ முதல் துண்ட மட்டும் தேடுங்க. அழுத்தம் அங்கதான இருக்கு.

கவுன்டர்ல "வாட் ஸெஹ்ட் யூ?" வந்தா அதே வார்த்தைய அதே மாதிரி சத்தமா திருப்பி சொல்லாதீங்க, அவங்க காது நல்லாதான் இருக்கு. முதல் துண்டோட அழுத்த அசைய கொஞ்சம் நீட்டி, துண்டுக்கு துண்டு லேசா நிறுத்தி சொல்லுங்க. அப்பவும் வரலன்னா கடைசி துண்ட மட்டும் சொல்லிட்டு லெட்டர நீட்டிடுங்க, மிச்சத்த அவங்களே படிச்சு சொல்லுவாங்க, அந்த தாளத்த அப்படியே காதுல வாங்கிக்கோங்க.